தொடாமல் அளத்தல்: திரிபு அளவீட்டின் வரலாறு

(சற்று நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசிக்கலாம்.)

சென்ற மாதம் ஒரு மாலை, பொருளறிவியலில் ஆய்வு செய்யும் நண்பரின் சோதனைக்கூடத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். மொழியியலில் முதுகலை முடித்த எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. அறிவியல் கலைச்சொற்கள் எனது முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாக இருப்பதால், ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அச்சொல் குறிக்கும் பொருளை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்னும் பழக்கம் மட்டும் உண்டு. அன்று பார்க்கச் சென்ற சொல், 'திரிபு'.

நண்பர் ஒரு சாண் நீளமுள்ள அலுமினியத் தகடு ஒன்றை எடுத்தார்; மக்னீசியம் கலந்த உலோகக்கலவை அது. உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, வெள்ளைப் பெயின்ட் தெளித்தார். அது காய்ந்தபின் கறுப்புப் பெயின்ட்டைத் தூவல்போலத் தெளித்தார். துளிகள் பெரிதாக விழுந்துவிட்டன. அனைத்தையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் முறை தகட்டின் மேற்பரப்பு காடை முட்டையின் ஓடுபோல் ஆயிற்று. அதன்பின் தகட்டை இழுவைப் பொறியின் இரு பிடிகளுக்கிடையே பொருத்தி, எதிரே இரண்டு கேமராக்களை நிறுத்தினார்.

“அளவி எங்கே?” என்று கேட்டேன். தகட்டில் எந்தக் கருவியும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

“இந்தப் புள்ளிகள்தாம் அளவி” என்றார்.

பொறி இழுக்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தகட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பின்னர்க் கணினி அப்படங்களைக் கணக்கிட்டு வண்ணப்படமாகக் காட்டியபோது, நீல நிறப் பரப்பின் குறுக்கே சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை தோன்றி, தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நகர்ந்தது. மறைந்தது; மீண்டும் வேறோரிடத்தில் தோன்றியது. அமைதியாக நின்றிருந்த அத்தகட்டினுள் இவ்வளவு நடமாட்டம் இருந்தது. அதை யாரும் தொட்டு அறியவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பின் பின்னால் சென்று படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

*

முதலில் சொல்.

ஒரு பொருளை இழுத்தால் அது நீள்கிறது. நீண்ட அளவை அதன் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே திரிபு. அதற்கு அலகு இல்லை. சாதாரணக் கட்டுமான எஃகை எடுத்துக்கொள்வோம். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன் விசை வரை அது தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் விசையை விலக்கினாலும் பழைய நீளத்திற்கு முழுமையாகத் திரும்பாது. அந்த எல்லையில் அதன் திரிபு 0.00125 மட்டுமே. 50 மில்லிமீட்டர் நீளத்தில் இது 0.0625 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். பாலங்கள், கொதிகலன்கள், விமானங்கள் ஆகிய அனைத்தின் பாதுகாப்பும் இந்தத் தலைமயிர் அளவை ஒழுங்காக அளப்பதில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் 'ஸ்ட்ரெய்ன்' என்னும் சொல்லும், உள்விசையைக் குறிக்கும் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லும் நெடுங்காலம் தெளிவின்றி ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்கின. 1850களில் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் வில்லியம் ராங்கின் இரண்டையும் பிரித்து வரையறுத்தார். புறவிசை ஏதுமற்றபோது ஒரு பொருள் கொண்டிருக்கும் வடிவத்திலிருந்து அது விலகுவது ஒன்று. அவ்விலகலோடு உள்ளே எழும் விசை மற்றொன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றைத் திரிபு, தகைவு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் விகாரம், தகைப்பு என்கின்றன.

இலக்கணம் பயின்றோர்க்குத் திரிபும் விகாரமும் பழகிய சொற்கள். இரு சொற்கள் புணரும்போது மாற்றம் ஏதும் நிகழாவிடில் அது இயல்பு. மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என மாற்றம் நிகழ்ந்தால் தொல்காப்பிய வழக்கில் அது திரிபு. நன்னூல் அதனையே தோன்றல், திரிதல், கெடுதல் எனப் பகுத்து விகாரம் என்கிறது. ராங்கின் வரையறையும் இயல்புநிலை ஒன்றை முதலில் வைத்து, அதிலிருந்து விலகுவதையே பெயரிடுகிறது. ஒரே கருத்துக்கு இரு நாட்டுத் தமிழரும் புணரியலில் வழங்கும் இரு சொற்களை எடுத்துக்கொண்டது பொருத்தமே.

*

திரிபை அளந்தோரின் வரலாற்றை ராபர்ட் ஹூக்கிலிருந்து தொடங்கலாம். விசையும் நீட்சியும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன என்னும் தமது கண்டுபிடிப்பை 1676இல் அவர் எழுத்துகளைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கிய புதிராக வெளியிட்டார். விடையை 1678இல்தான் சொன்னார். முன்னுரிமையைக் காத்துக்கொள்ள அக்காலத்தவர் கையாண்ட உத்தி அது. அவர் விவரித்த சோதனைகளுள் ஒன்று, 20 முதல் 40 அடி வரை நீளமுள்ள கம்பியைத் தொங்கவிட்டு, அடியில் தராசுத் தட்டில் எடைகளை வைத்து, தட்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கவராயத்தால் அளப்பது. ஏன் அவ்வளவு நீளம்? திரிபு மிகச் சிறியது. அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்யக் கம்பியையே நீட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி அன்று இல்லை. நீண்ட கம்பியின் மொத்த நீட்சி மட்டுமே அவருக்குக் கிடைத்தது. கம்பியின் எப்பகுதி எவ்வளவு நீண்டது என்பதை அச்சோதனை சொல்லாது.

தொழிற்புரட்சி இரும்பை எங்கும் கொண்டுசேர்த்தபோது கேள்வி அவசரமாயிற்று. டேவிட் கிர்கால்டி வடிவமைத்து லீட்சில் செய்வித்த சோதனைப்பொறி 1866 முதல் லண்டனின் சதக் பகுதியில் இயங்கியது. சுமார் 14 மீட்டர் நீளமும் 100 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அப்பொறி இன்றும் அங்கே உள்ளது. கருத்துகள் வேண்டா, உண்மைகளே வேண்டும் எனப் பொருள்படும் வாசகத்தை அவர் தமது கூடத்தின் வாயிலில் பொறித்துவைத்தார். 1879 டிசம்பர் 28ஆம் நாள் இரவு, புயலில் ஸ்காட்லாந்தின் டே பாலம் சரிந்து, அதன்மீது சென்றுகொண்டிருந்த இரயிலில் இருந்த அனைவரும் இறந்தனர். அப்பாலத்தின் உடைந்த பாகங்கள் சோதனைக்குக் கிர்கால்டியிடம்தான் வந்தன. தூண்களின் குறுக்குக் கம்பிகளைப் பிணைத்திருந்த வார்ப்பிரும்புக் காதுகள், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த விசையிலேயே உடைந்தன. எங்கே விசை குவியும் என்று வடிவமைத்தவர் கருதினாரோ அங்கே அன்றி, அவர் சிறிதாக எண்ணிய ஓரிடத்தில் பாலம் தோற்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

அதே காலத்தில் மியூனிக்கில் யோஹான் பௌஷிங்கர் கண்ணாடி நீட்சிமானியை உருவாக்கினார். சோதனைத் துண்டின்மீது கூர்முனைகள் பற்றிக்கொள்ளும். துண்டு நீளும்போது சிறு உருளைகள் சுழலும். அவற்றோடு பொருத்திய முகம்பார்க்கும் கண்ணாடிகளும் சற்றே திரும்பும். தொலைவிலுள்ள அளவுகோலின் பிம்பத்தை அக்கண்ணாடிகளில் தொலைநோக்கியால் பார்த்துப் படிக்க வேண்டும். எடையற்ற, வளையாத, வேண்டிய அளவு நீளமான ஒரு நெம்புகோல் தேவைப்பட்டது. ஒளிக்கதிர் அந்த நெம்புகோலாயிற்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் அவரால் திரிபைப் படிக்க முடிந்தது. எல்லைக்கு மேல் இழுக்கப்பட்ட உலோகம் பின்னர் அமுக்கும்போது முன்னைவிட எளிதில் விட்டுக்கொடுக்கிறது என்று 1880களில் அவர் கண்டது இத்துல்லியத்தால்தான். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

திரிபு அளவீட்டில் ஒளி இப்படித்தான் ஒரு பணியாளாக நுழைந்தது. தொடுவது கூர்முனை, காட்டுவது ஒளி.

*

அடுத்த பெரும் மாற்றம் ஒளியை விட்டு மின்சாரத்திற்குச் சென்றது. இழுக்கப்படும் கம்பியின் மின்தடை மாறுகிறது என்று பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1856இல் கண்டறிந்திருந்தார். அதைக் கருவியாக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1938ஐ ஒட்டி, கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் எட்வர்ட் சிம்மன்சும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆர்தர் ரூகும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே வழியைக் கண்டனர். ரூக் நிலநடுக்கத்தின்போது தண்ணீர்த் தொட்டிகள் படும் பாட்டை மாதிரித் தொட்டியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். மெல்லிய சுவருக்கு நீட்சிமானி மிகப் பெரிது. அதன் எடையே அளவைக் கெடுத்துவிடும். ஆகவே மெல்லிய கம்பியைச் சுவரின் மேலேயே ஒட்டிவிட்டார். சுவர் நீண்டால் கம்பியும் நீளும்; மின்தடை மாறும். திரிபு அளவி என இன்று வழங்குவது அதுவே. விலை குறைவு, எடை மிகக் குறைவு, துல்லியமோ பௌஷிங்கரின் கண்ணாடிகளுக்கு இணை. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தொழில் அதனை விரைந்து ஏற்றுக்கொண்டது.

ஒட்டிய அளவி ஒன்றை மட்டும் செய்யாது. ஒட்டாத இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒட்டிய இடத்திலும் தன் நீளத்திற்கு உட்பட்ட திரிபின் சராசரியைத்தான் சொல்லும்.

இதன் பொருள் என்ன என்பதற்குக் காமெட் விமானத்தின் கதை சான்று. உலகின் முதல் ஜெட் பயணியர் விமானமான டி ஹாவிலண்ட் காமெட் 1952இல் சேவைக்கு வந்தது. 1953 மே 2ஆம் நாள் கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து புறப்பட்ட காமெட் ஒன்று புயல்மழையில் சிதறி, அதிலிருந்த 43 பேரும் இறந்தனர். அப்போது பழி புயலின்மேல் விழுந்தது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்சுக்கு அருகே மற்றொன்று. இவ்விரண்டும் நல்ல உயரத்தில் பறக்கும்போதே சிதறின. விமானங்கள் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் அது அடையும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தனர். அவ்விமானம் உண்மையாகப் பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆம் அழுத்தச் சுழற்சியில் உடல் கிழிந்தது. கிழிசல் சன்னல் போன்ற ஒரு திறப்பின் மூலையில் தொடங்கியது. மூலைகளில் தகைவு, வடிவமைத்தோர் எண்ணியிருந்ததைவிட மிக அதிகம் என்பது அளவிகளை ஒட்டிப் பார்த்தபின் தெரிந்தது.

அளவிகள் அன்றும் இருந்தன; துல்லியமாகவும் இருந்தன. ஆனால் எங்கே ஒட்டுவது என்பதை மனிதர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவு நாம் ஏற்கெனவே அறிந்ததை, அல்லது அறிந்ததாக நினைப்பதைச் சார்ந்தது. டே பாலத்தின் காதுகளும் காமெட்டின் மூலைகளும் கேள்வி கேட்கப்படாத இடங்கள். தொட்டு அளப்பதன் மெய்யான குறை கூர்முனையின் கீறலோ பசையின் எடையோ அன்று. தொடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருப்பதே என்பது என் புரிதல்.

*

முழுப் பரப்பையும் ஒரே பார்வையில் காணும் ஆசை பழையது. கண்ணாடியை அழுத்தினால் அதனூடே செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியில் வண்ணங்கள் தோன்றும் என்று டேவிட் புரூஸ்டர் 1816ஐ ஒட்டிக் காட்டினார். இருபது வயது நிரம்பாத ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மீன்பசைக் கூழை முறுக்கி அந்த வண்ணக் கோலங்களைத் தகைவோடு ஒப்பிட்டு 1850இல் கட்டுரை படித்தார். ஒளிமீட்சியியல் என்னும் அத்துறை நெடுங்காலம் பொறியியலாளரின் கண்ணாக இருந்தது. ஆயினும் ஒளி ஊடுருவும் பொருளில் மாதிரி ஒன்றைச் செய்து அதைத்தான் பார்க்க முடியும். மெய்யான எஃகுத் துண்டினூடே பார்க்க இயலாது.

1960இல் லேசர் வந்தது. 1965இல் பவலும் ஸ்டெட்சனும் ஹோலோகிராம் வழியே அதிரும் பொருள்களின் நுண்ணிய இடப்பெயர்ச்சிகளைக் காட்டினர். ஒளியின் அலைநீளமே அங்கு அளவுகோல். ஆகவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த அசைவும் வரிகளாகத் தெரிந்தது. ஆனால் அதே காரணத்தால் பக்கத்துச் சாலையில் லாரி ஒன்று சென்றாலும் படம் கலைந்துவிடும். உலோகத்தை இழுத்து உடைக்கும் கூடத்தில் அத்தகைய அமைதி கிடைப்பதரிது.

லேசரோடு கூடவே ஒரு தொல்லையும் வந்தது. சொரசொரப்பான பரப்பில் லேசர் ஒளி விழுந்தால், மணல் தூவியதுபோல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் மின்னும். படத்தைக் கெடுக்கும் இப்புள்ளிகளை ஒழிக்கவே பலர் முயன்றனர். இத்தகைய ஒளிச்சிதறலின் புள்ளியியல் லேசருக்கு முன்பே ஆராயப்பட்டது. அதில் இந்தியப் பங்கும் உண்டு. கண்ணின் ஊடகங்களில் ஒளி சிதறுவதைப் பற்றி சி. வி. ராமன் 1919இல் எழுதினார். பிற்காலத்தில் கொலாஜன் புரதத்தின் அமைப்புக்காக உலகம் அறிந்த ஜி. என். ராமச்சந்திரன், பெங்களூரில் ராமனின் மாணவராக இருந்தபோது, நுண்துகள்களால் தோன்றும் ஒளிவட்டங்களில் ஒளிச்செறிவு புள்ளி புள்ளியாக ஏறியிறங்குவதை 1943இல் ஆய்ந்தார். லேசர்ப் புள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் முன்னோடிகளாகக் குறிப்பிடுவர்.

1960களின் இறுதியில் சிலர் இத்தொல்லையையே கருவியாக்கினர். பரப்பு நகர்ந்தால் புள்ளிகளும் உடன் நகர்கின்றன அல்லவா? எனில் புள்ளிகளைப் பின்தொடர்ந்தால் பரப்பைப் பின்தொடரலாம்.

*

பின்தொடரும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகம். 1982இல் பீட்டர்சும் ரான்சனும், பொருள் உருமாறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களை எண்களாக்கி ஒப்பிடும் வழியை முன்வைத்தனர். மறு ஆண்டில் மைக்கேல் சட்டனும் உடன் உழைத்தோரும் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன் என்று அதற்குப் பெயர், சோதனைக்கூடங்களில் டி.ஐ.சி. என்பர்.

அதன் உட்பொருள் எளிது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கணினிக்கு 0 முதல் 255 வரையிலான ஒரு சாம்பல்நிற எண். ஒற்றை எண்ணை அடுத்த படத்தில் தேடினால் ஆயிரம் இடங்களில் கிடைக்கும். எது நம்முடையது என்று தெரியாது. ஆகவே 21க்கு 21 என ஒரு சிறு சதுரத்தை எடுப்பர், 441 எண்கள். அந்த 441 எண்களின் கோலம் பரப்பில் வேறெங்கும் இராது. எனவே அடுத்த படத்தில் அது எங்கே போயிற்று என்று ஐயமின்றிக் கண்டுபிடிக்கலாம். நீண்டோ சாய்ந்தோ இருந்தாலும் அந்த நீட்சியையும் சாய்வையும் சேர்த்தே கணக்கிடலாம். பல்பொருள் ஒருசொல்லைத் தனியே கண்டால் பொருள் துணிய முடியாது. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு கண்டால் துணியலாம். மொழியியல் மாணவர்க்கு இது நாள்தோறும் செய்யும் வேலை.

நண்பர் பெயின்ட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் தெளித்தது ஏன் என்பது இப்போது விளங்கும். கறுப்புத் துளி பெரிதானால் ஒரு சதுரம் முழுவதும் கறுப்பாகிவிடும். அடையாளம் காண அதில் எதுவும் இராது. மிகச் சிறிதானால் கேமராவின் கண்ணுக்குச் சாம்பலாகக் கலங்கிவிடும். ஒரு துளி படத்தில் மூன்று முதல் ஐந்து படப்புள்ளிகள் அகலம் இருப்பது நன்று. வரிசையாகவும் அமையக் கூடாது. கோலப்புள்ளிபோல் ஒழுங்காக வைத்தால் ஒவ்வொரு சதுரமும் மற்றொன்றைப்போலவே இருக்கும், கணினி ஏமாறும். ஒழுங்கின்மையே இங்கே அடையாளம்.

*

இனி, எளிதில் மறக்கப்படும் ஒன்று. தொடாமல் அளப்பது தொட்டு அளப்பதைவிடத் துல்லியமானது அன்று. நன்றாக ஒட்டிய திரிபு அளவி பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் படிக்கும். சாதாரணச் சோதனைக்கூடத்தில் டி.ஐ.சி. படிப்பது பத்து லட்சத்தில் பல பத்துகள் முதல் நூறு பங்கு வரை. பௌஷிங்கர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட துல்லியம் அதற்கு இல்லை. துல்லியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் முழுப் பரப்பைப் பார்க்கும் வாய்ப்பு பெறப்பட்டது.

அதற்கே உரிய ஏமாற்றங்களும் உண்டு. கேமரா 1 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். சோதனைத் துண்டு கேமராவை நோக்கி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கணினி அதை 0.001 திரிபு என்று சொல்லும். முன்பு பார்த்த எஃகு தன் எல்லையை அடையும் திரிபே 0.00125தான் என்பதை நினைவுகொள்க. துண்டு சிறிதும் நீளாமலே, அது ஏறத்தாழ எல்லையை எட்டிவிட்டது என்று படம் பொய்சொல்லும். இரு கண்களால் ஆழத்தை அறிவதுபோல் இரண்டு கேமராக்களால் இப்பிழையைக் களையும் வழியைத் தென் கரோலினாக் குழுவினர் 1993இல் வெளியிட்டனர். நண்பரின் கூடத்தில் இரண்டு கேமராக்கள் நின்றது இதனால்தான்.

வெப்பம் மற்றொரு பகை. செந்நிறமாகச் சூடேறிய உலோகம் தானே ஒளிவிடும், படம் வெளுத்துவிடும். நீல ஒளியைப் பாய்ச்சி, நீலத்தை மட்டும் விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைத்து இதைச் சமாளிக்கின்றனர். உலையின் சூட்டில் காற்றே அலையும். கோடைக்காலத் தார்ச்சாலைக் கானல்போல் அசையாத துண்டும் அசைவதாகத் தெரியும். எனவே சோதனை தொடங்குமுன் விசையே கொடுக்காமல் சில படங்கள் எடுத்து, திரிபு சுழியம் என்று வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பர். அந்த எண்ணே அன்றைய அளவீட்டின் நேர்மையைச் சொல்லும். அதைப் பாராமல் வண்ணப்படத்தை மட்டும் காட்டுபவரை நம்பாதே என்பது நண்பரின் அறிவுரை.

*

இவ்வளவு சிரமத்திற்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? நான் பார்த்த சிவப்புப் பட்டைக்குத் திரும்புவோம்.

சில உலோகக்கலவைகளை இழுக்கும்போது விசைக் கோடு சீராக ஏறாமல் படிக்கட்டுபோல் அல்லது வாளின் பற்கள்போல் துள்ளும் என்று பிரெஞ்சு அறிவியலாளர் போர்த்தவேனும் லெ ஷாத்தலியேயும் 1923இல் எழுதினர். நீட்சிமானி காட்டியது அந்தத் துள்ளலை மட்டுமே. துண்டின் 50 மில்லிமீட்டருக்கும் ஒரே சராசரி எண். அச்சராசரியின் உள்ளே, திரிபு ஒரு குறுகிய சாய்ந்த பட்டையில் குவிந்து, அப்பட்டை ஓடியும் தாவியும் செல்கிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு பட்டையின் பிறப்பு. முழுப் பரப்பையும் பார்க்கும் முறைகளால் இன்று மாணவர் ஒருவர் ஒரு மாலையில் அதைக் கண்ணெதிரே காண்கிறார். எங்கே பட்டை வரும் என்று அவர் முன்கூட்டி அறிய வேண்டியதில்லை. முதலில் எல்லாம் படமாகிறது; எங்கே பார்ப்பது என்பதை உடைந்தபின்னும் முடிவுசெய்யலாம். நீட்சிமானியோ துண்டு உடையும் அதிர்ச்சியில் பழுதாகும் என்று அஞ்சிப் பலசமயம் முன்னதாகவே கழற்றப்படும். தசைநார், இரத்தக்குழாய்ச் சுவர், மெல்லிய படலம் போன்றவற்றிலோ கூர்முனையைப் பொருத்தவே இயலாது.

பெரிய அளவிலும் ஒரு சான்று உண்டு. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில், சுமார் 8.4 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட அலுமினியம்-லித்தியம் உருளை ஒன்றை வேண்டுமென்றே நசுக்கினர். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிச் சுவர் போன்றது அது. மெல்லிய உருளைகள் எப்போது, எங்கே நொடியும் என்று கணக்கு துல்லியமாகச் சொல்லாததால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சோதனைகளை வைத்துப் பெரும் பாதுகாப்பு விகிதம் சேர்த்து, தேவைக்கு மேல் தடிமனாகவே தொட்டிகளைச் செய்துவந்தனர். அந்த உருளையின்மேல் சுமார் 70,000 கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இடப்பட்டன. சுற்றிலும் கேமராக்கள் நின்றன. ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு விசையில் உருளை நொடிந்தது. சுவர் எங்கே முதலில் குழிந்தது, குழிவு எப்படிப் பரவியது என்பதெல்லாம் படங்களில் பதிந்தன. அதே உருளையில் நூற்றுக்கணக்கான உணரிகளும் ஒட்டப்பட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். படம் சொன்னதற்கு ஒட்டிய அளவி சாட்சி. அளவி எட்டாத இடத்திற்குப் படம் சாட்சி.

1999இல் இம்முறை எக்ஸ்-கதிர் வெட்டுப்படங்களுக்கும் விரிந்து, எலும்பின் உட்புறத் திரிபைக் காணவும் உதவியது. இன்று பாலங்களையும் சுவர்களையும் தொலைவிலிருந்தே இவ்வாறு பார்க்கின்றனர்.

*

அன்று இரவு புறப்படும் முன் நண்பர் உடைந்த துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். பெயின்ட் பல இடங்களில் விரிந்திருந்தது. முறிவின் ஓரத்தில் உரிந்து உதிர்ந்திருந்தது. “கடைசி இரண்டு படங்களில் இந்த இடத்துக்குக் கணக்கு வராது. பெயின்ட்டே போய்விட்டது” என்றார். அங்கே வண்ணப்படத்தில் வெற்றிடம்தான் இருந்தது. அவர் அதை நிரப்பாமல் வெற்றிடமாகவே சேமித்தார்.

என் பட்டியலில் இம்முறைக்கு 'தொடுகையிலாத் திரிபு அளவீடு' என்று எழுதியிருந்தேன். இப்போது சற்றுத் தயக்கம். கூர்முனை தொடவில்லை, பசை தொடவில்லை; ஆயினும் பெயின்ட் தொட்டிருக்கிறது, ஒளி தொட்டிருக்கிறது, துளியின் அளவைத் தீர்மானித்த கையும் தொட்டிருக்கிறது. மேலும் இம்முறையின் பயன் தொடாமையைவிட, இடம் தேராமல் முழுப் பரப்பையும் காண்பதில் இருக்கிறது. 'முழுப்பரப்புத் திரிபு அளவீடு' என்பது பொருந்துமா? பொறியியல் நண்பர்கள், குறிப்பாக ஈழத்துப் பாடநூல்களில் பயின்றவர்கள், தங்கள் கூடங்களில் வழங்கும் சொல்லைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியோடு பட்டியலில் சேர்த்துக்கொள்வேன். பிழை இருப்பின் சுட்டுக, திருத்திக்கொள்கிறேன்.